பாட்டே வைத்த பெயர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பழைய காலத்துப் புலவர்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பற்றி எழுதுகிறேன். "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லை" என்று நீங்கள் சிரிப்பது இங்கே வேங்கிக்கால் வரைக்கும் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரைக்கும் படியுங்கள். உங்களிடம் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நான் தமிழ் வித்துவான் படித்தவள் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்த இடைநிலை ஆசிரியை. கணக்கும் நான்தான், அறிவியலும் நான்தான், தமிழும் நான்தான். சங்கப் பாட்டெல்லாம் பிறகு நானாகப் படித்துக்கொண்டது. முப்பது வருடத்துக்கு மேல் தினமும் காலையில் முதல் வேலையாகப் பெயர் கூப்பிட்டவள் என்பதாலோ என்னவோ, அந்தப் புத்தகங்களைத் திறந்தால் என் கண் முதலில் பாட்டுக்குப் போகாது. பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற புலவர் பெயருக்குத்தான் போகும்.

சங்கப் பாடல்கள் மொத்தம் 2381 என்று கணக்குச் சொல்கிறார்கள். பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். 102 பாட்டுக்குப் பாடியவர் பெயர் இல்லை. பெரிய பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் மாதிரிதான் அந்தப் பட்டியலும். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனால் அந்தக் காலத்துக் கடைத்தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும்.

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்று ஒருவர். கூலம் என்றால் தானியம். தானிய மண்டிக்காரர் பாட்டு எழுதியிருக்கிறார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று இன்னொருவர். அறுவை என்றால் துணி, ஆஸ்பத்திரி அறுவை இல்லை. அவர் ஜவுளிக்கடைக்காரர். தங்கால் பொற்கொல்லனார் நகை ஆசாரி. எல்லாருக்கும் தெரிந்த நக்கீரருக்கு முழுப் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவர். அதாவது வாத்தியார் பிள்ளை! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

இப்படிப் பெயர் வைப்பது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. நம் குடும்பத்திலேயே போளூர் சித்தி, மில் மாமா, தையல் அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறோம்? ஊரையும் தொழிலையும் அப்பாவையும் வைத்து வருகிற பெயர் இது. முதல் வகை.

நம் மாவட்டத்துக்கே இதில் ஒரு பங்கு உண்டு. பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம் நம் செங்கத்து அரசன் நன்னனைப் பற்றியது. அப்போது ஊர்ப் பெயர் செங்கண்மா. 583 அடிப் பாட்டு. பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர், வறுமையோடு எதிரே வரும் கூத்தருக்கு நன்னன் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதாக இருக்கும். எங்கே வழுக்கும், எங்கே காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் வரும். எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் செங்கம் பஸ் கிளம்பிவிடும். அவ்வளவு நீளம். ஆனால் அந்தப் பெயரில் அவர் ஊர் இருக்கிறது, அவர் யார் என்பது இருக்கிறது.

இரண்டாவது வகை ராஜா கொடுத்த பெயர். சங்க காலம் போய்ப் பல நூற்றாண்டு கழித்துச் சோழர் காலத்துக்கு வந்தால் இது நிறைய. கலிங்கத்துப் பரணி பாடியவரை நாம் செயங்கொண்டார் என்கிறோம். முதலாம் குலோத்துங்க சோழன் சபையில் இருந்தவர். செயங்கொண்டார் என்பது பட்டப்பெயர். வெற்றி கொண்டவர் என்று பொருள். அம்மா அப்பா வைத்த பெயர் என்ன என்பது நம் கைக்கு வரவில்லை. அடுத்து ஒட்டக்கூத்தர். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறை ராஜாக்களுக்குச் சபைப் புலவராக இருந்தார். மூன்று பேர் மேலும் ஆளுக்கொரு உலா பாடினார். கவிச்சக்கரவர்த்தி என்று பட்டம். கூத்தனூரை அவருக்குத் தானமாகக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம் செய்ய அழைத்துப்போகும் சரஸ்வதி கோயில் இருக்கிறதே, அந்த ஊர்தான்.

ராஜா கொடுக்கும் பெயரில் மரியாதை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, நிலம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். வயிறு காய்ந்தால் பாட்டு வராது. ஆனால் கவனித்துப் பாருங்கள். கவிச்சக்கரவர்த்தி என்ற பெயரில் பாட்டும் இல்லை, ஊரும் இல்லை, அப்பாவும் இல்லை. சக்கரவர்த்திதான் இருக்கிறார். புலவருக்கு வைத்த பெயரிலும் ராஜாவின் நிழல்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படி இருந்திருக்கிறது. நம் பழைய மாணவி ஒருத்தி கார்டிஃப் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு, அதன் தலைநகரம் கார்டிஃப். ஊருக்கு லீவில் வந்தபோது அந்த நாட்டுப் புலவர்களைப் பற்றி ஒரு மாலை முழுக்கச் சொன்னாள். அவள் சொன்னதை வைத்து நானும் தேடிப் படித்தேன். 12, 13-ஆம் நூற்றாண்டில், அதாவது நம் ஒட்டக்கூத்தர் காலத்திலும் அதற்கு அடுத்தும், அங்கே சின்னச் சின்ன ராஜாக்கள். ஒவ்வொரு சபையிலும் புலவர். தலைமைப் புலவருக்கு நாற்காலி உரிமை. அவர்களுக்கும் பட்டப்பெயர்கள். ஒருவருக்குப் பெரும்புலவர் என்று பெயர். இன்னொருவருக்குப் பன்றிகளின் புலவர்! அவர் பாட்டில் பன்றி வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர் பெரிய ராஜாவின் சபைப் புலவர்.

1282-இல் அவர்களுடைய கடைசிப் பெரிய இளவரசன் போரில் செத்துப்போனான். சபைகள் போயின. ஆனால் புலவர்கள் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொள்வதும், ஜெயித்த புலவருக்கு நாற்காலி கொடுப்பதும் போகவில்லை. இன்றைக்கும் வருடா வருடம் அவர்கள் மொழியில் பெரிய விழா நடக்கிறது. நடுவர்களுக்கு ஆள் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் புனைபெயரில்தான் கவிதை அனுப்ப வேண்டும். விழா மேடையில் ஜெயித்தவரின் புனைபெயரைக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். 1917-இல் அப்படிக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. எழுதியவன் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. புலவர்கள் நடுவில் அவனுக்கு ஹெத் வின் என்று பெயர். தூய அமைதி என்கிற மாதிரிப் பொருள். முதல் உலகப் போருக்கு அழைத்துப்போய், விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் கொல்லப்பட்டிருந்தான். நாற்காலி மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

அவள் இதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பெயர் கூப்பிட்டுப் பதில் வராத அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

இப்போது மூன்றாவது வகைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குறுந்தொகை 40-ஆம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். செம்மண்ணில் மழை விழுந்தால் தண்ணீரும் செம்மண் நிறமாகிவிடும், அப்புறம் பிரிக்க முடியாது, அப்படி நம் மனசு கலந்துவிட்டது என்று ஒருவன் சொல்கிறான். சினிமாப் பாட்டு வரைக்கும் வந்துவிட்ட பாட்டு. எழுதியவர் பெயர் செம்புலப்பெயனீரார். இது யாரும் பிள்ளைக்கு வைக்கிற பெயர் இல்லை. செம்புலம் என்றால் செம்மண் நிலம், பெயல்நீர் என்றால் மழைத் தண்ணீர். பாட்டில் வந்த சொல்லையே எழுதியவருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். சொந்தப் பெயர் தெரியாமல் போனதால், பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இப்படிச் செய்தார்கள் என்பது அறிஞர்கள் சொல்வது.

அதற்கு அடுத்த பாட்டைப் புரட்டினால் அணிலாடு முன்றிலார். அவன் கூட இருந்தால் என் மனசு திருவிழா நடக்கும் ஊர் மாதிரி இருக்கிறது, அவன் போய்விட்டால் ஆள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் அணில் விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. நீங்களே நினைத்துப் பாருங்கள். மனுஷர்கள் நடமாடும் வாசலில் அணில் நின்று விளையாடாது. அணில் விளையாடுகிறது என்றால் அந்த வீட்டில் யாரும் இல்லை. தனிமை என்ற சொல்லே இல்லாமல் தனிமையைச் சொல்லிவிட்டது அந்த அணில்.

நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒருவர். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்கிறது மனசு, முடித்துவிட்டுப் போ என்கிறது அறிவு. நடுவில் என் உடம்பு, இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் பழைய கயிறு மாதிரி ஆகிவிட்டது என்கிறான். வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓரேருழவனார் என்று ஒருவர். நிலம் ஈரமாக இருக்கிறது, இருப்பது ஒரே ஏர், காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த உழவனின் அவசரத்தைக் காதலனுக்குச் சொல்லியிருக்கிறார். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெண் புலவர். இவருக்குச் சொந்தப் பெயரும் நின்றது, காக்கையைப் பாடிய பெயரும் நின்றது.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் போட்ட கைத்தடி என்று அர்த்தம். இருமலுக்கு நடுவில் ஒன்றிரண்டு வார்த்தை பேசும் கிழவர், சின்ன வயசில் மரத்தில் ஏறி மடுவில் குதித்ததை நினைத்துப் பார்க்கிறார். எனக்கு இப்போதெல்லாம் இந்தப் பாட்டுத்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் குப்பைக் கோழியார். இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் முதல் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பை மேட்டில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பு, குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். எமன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. அப்படி ஒரு குப்பு என் வகுப்பில் இருந்தாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்ததில் ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், ரெஜிஸ்டர்ல என் பேரை மாத்திடுங்க" என்று அழுதாள். மறுநாள் தமிழ் வகுப்பில் குப்பைக் கோழியார் பாட்டைச் சொன்னேன். குப்பை மேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன. மூட்டி விடுவாரும் இல்லை, விலக்கி விடுவாரும் இல்லை. தானாக நடந்து தானாகத்தான் ஓய வேண்டும், என் துயரமும் அப்படித்தான் என்கிறாள் பாட்டில் வரும் பெண். "இரண்டாயிரம் வருஷமா இந்தப் பேரை மரியாதையாக 'ஆர்' போட்டுச் சொல்கிறோம்" என்றேன். அன்றிலிருந்து கேலி செய்தவர்களே அவளைக் குப்பையார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் கேலிதான், ஆனால் அவள் சிரித்துக்கொண்டாள். பெயரை மாற்றவில்லை. அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள். நல்லாயிரு கண்ணு.

இந்த மூன்றாவது வகையில் எனக்கு ஆச்சரியம் புலவர்கள் மேல் மட்டும் இல்லை. தொகுத்தவர்கள் மேல்தான் அதிகம். அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் ஓலை இருக்கிறது, நல்ல பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை. அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பெயர் இல்லாத ஓலை எதற்கு என்று ஒதுக்கியிருக்கலாம். நல்லா இருக்கிறதே, கபிலர் பாடியதாக இருக்கும் என்று அவர் கணக்கில் சேர்த்திருக்கலாம். கபிலர் எவ்வளவு பெரிய பெயர்! அவர் காலத்துக்குப் பல நூறு வருடம் கழித்து, இராசராச சோழன் காலத்தில், நம் பக்கத்துத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் அவர் கதையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அப்பேர்ப்பட்டவர் பெயரைப் போட்டிருந்தால் பாட்டுக்கு மதிப்புக் கூடியிருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்து, அதில் எந்தச் சொல் வேறு யாருக்கும் வராதோ அந்தச் சொல்லை எடுத்துப் பெயராக்கினார்கள். அப்படியும் வைக்காத இடத்தில் வெறுமையாக விட்டார்கள். 102 பாட்டுக்குப் பெயர் இல்லாமல் இருப்பது குறை இல்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்ட நேர்மை.

இன்னொன்று. நற்றிணையைத் தொகுக்கச் சொன்ன ராஜா பெயர் தெரியும். பன்னாடு தந்த மாறன் வழுதி. உட்கார்ந்து தொகுத்தவர் பெயர் தெரியாது. அத்தனை பேருக்கும் பெயர் கிடைக்கப் பாடுபட்டவர் தன் பெயரை எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

சரி, இப்போது நான் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் கையெழுத்து இதழ் நடத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, கோணி ஊசியால் தைத்த இதழ். அதில் நான்கு இதழ்கள் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. 1996-இல் எழுதியவை. வருகிற மே மாதச் சந்திப்புக்கு அவற்றைப் புத்தகமாக அச்சடிப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்து, டைப் அடிக்கிற வேலையும் பாதி முடிந்துவிட்டது. மூன்றாவது இதழில் ஒரு பக்கத்தின் கீழ் மூலை செல்லரித்துப் போயிருக்கிறது. பெயர் இருந்த இடம் அது. கையெழுத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அழகான கையெழுத்து என்று ஒரே பிள்ளைதான் எல்லார் எழுதியதையும் படி எடுத்தாள். அவளைக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.
அவர் சைக்கிள் திண்ணையில் சாய்ந்திருக்கிறது.
நான் தினமும் அதில் மணி அடிப்பேன்.
அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை எழுதியது. ஏக்கம், துக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. சைக்கிள் மணி கேட்டதும் வந்துவிட்டாரோ என்று அம்மா எட்டிப் பார்க்கிறாள். பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்தேதான் தினமும் அடிக்கிறது. அந்த வருடங்களில் நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் அப்பாக்கள் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இது யார் வீட்டுத் திண்ணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குழுவில் மூன்று யோசனை வந்தது. பெயர் இல்லாததால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். "பெயர் தெரியவில்லை" என்று போடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவது யோசனைதான் என்னைத் தூங்கவிடவில்லை. பைக் விபத்தில் நம்மை விட்டுப் போன அந்தப் பிள்ளையின் பெயரைப் போடலாம், அவன்தான் எழுதியிருப்பான், அவனுக்கு அஞ்சலியாகவும் இருக்கும் என்று சொல்லிப் பல பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தீர்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. அவன் பெயரைக் கூப்பிட்டு அவன் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் வேண்டாம் பிள்ளைகளே. அவனுக்கு அவன் எழுதியது இருக்கிறது. அதே இதழில் இரண்டாம் பக்கத்தில், பட்டம் அறுந்து வேங்கிக்கால் ஏரியில் விழுந்த கதை, அவன் பெயரோடு. அவனை நினைப்பதற்கு அதுவே போதும். இந்தச் சைக்கிள் வேறு ஒருவருடையதாக இருந்தால்? அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். எட்டாவதோடு நின்று அதே பெங்களூருக்கே போயிருக்கலாம். ஏதோ ஒரு நாள் யார் வீட்டிலோ இந்தப் புத்தகத்தைப் பிரித்து, தன் அப்பாவின் சைக்கிளுக்குக் கீழே வேறு பெயரைப் பார்த்தால் என்ன ஆகும்? வாழ்க்கையில் எழுதிய ஒரே பாட்டு அதுவாக இருக்கலாம். அதையும் நாம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடாது.

விட்டுவிடவும் வேண்டாம். "பெயர் தெரியவில்லை" என்பது பொய் இல்லைதான். ஆனால் அப்படிப் போட்டால் அந்தப் பக்கம் யாருமில்லாத பக்கமாகிவிடும். பழைய ஆட்கள் செய்த மாதிரி நாமும் செய்வோம். அந்தப் பாட்டுக்குக் கீழே "சைக்கிள் மணியார்" என்று போடுங்கள். அதற்குக் கீழே பேனாவால் ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விடுங்கள். டைப் அடிக்கிற தம்பி, ஒரு வரி இடத்துக்காகப் பக்கக் கணக்குப் பார்க்காதே. கூடும் காசை நான் தருகிறேன்.

சைக்கிள் மணியார் யார் என்று தெரிந்தவர்கள், ஊகமாக இல்லாமல் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும், எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். கீழே கமெண்டில் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இது ஊரறியச் சொல்ல விருப்பமில்லாத விஷயமாக இருக்கலாம். அந்தப் பிள்ளையே இதைப் படித்தால், பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பா திரும்பி வந்தாரா என்று மட்டும் சொல், கண்ணு. இத்தனை வருடமாக அந்தப் பக்கத்தைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

மே மாதம் எல்லாரும் வந்து சேருங்கள். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் அதற்கு முன்னாலும் வரலாம், வீடு அதே வீடுதான்.

உங்கள் டீச்சர்,
வேங்கிக்கால்